ஏலப்பாறை டிக்கெட்

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றிருந்த ரோசி, டிராக்டர் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாக அந்தச் சத்தம்தான் அவளுக்குக் கடிகாரம். டிராக்டரை ஓட்டி வருகிறவன் அவள் புருஷன் மிக்கேல்ராஜ். வளைவில் இரண்டு தரம் ஹாரன் அடிப்பான். ஒன்று ரோட்டுக்கு, இன்னொன்று உனக்கு என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு ஹாரன் ஒரு தரம்தான் கேட்டது. வண்டியை ஓட்டி வந்தது பிஜு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீடு, மிக்கேல்ராஜிடம் வண்டி பழகி ஆறு வருஷமாக இரண்டாவது டிரைவராக இருப்பவன். அவன் ரோசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை அணைத்தான். வண்டிக்குப் பின்னால், கிளம்பிய தூசிக்குள், சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு மிக்கேல்ராஜ் நடந்து வந்தான்.

"என்னங்க, வண்டி ரிப்பேரா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல ரோசி. டிரைவரத்தான் கழட்டி வச்சிட்டாங்க."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேல்ராஜ் வாயைத் திறந்தாலே சிரிப்பது அவர்களுக்குப் பழக்கம். அவனும் சிரித்தான். ரோசி மட்டும் சாக்கை இறக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனிமேல் கொழுந்து வண்டிக்கு ஒரு டிரைவர் போதும் என்று ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம். அவன் சொன்ன காரணம் அவ்வளவுதான். ரோசி அதைச் சாயந்தரம் வரைக்கும் மனசுக்குள் போட்டு உருட்டினாள். ஒரு டிரைவர் போதும் என்றால் போகட்டும். பத்தொன்பது வருஷக்காரனை நிறுத்திவிட்டு ஆறு வருஷக்காரனை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்? வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் சிரித்துக்கொண்டு வருகிறான், வேலையில் இருக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இதில் ஏதோ இருக்கிறது.

சந்தேகம் ரோசிக்குப் பிறவிக் குணம். கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். கோயிலில் காணிக்கைத் தட்டு வரிசையாகப் போகும்போது ஜெபத்தை நிறுத்திவிட்டு, எந்தக் கை போட்டுவிட்டு வருகிறது, எந்தக் கை சும்மா தட்டைத் தொட்டுவிட்டு வருகிறது என்று கவனிப்பாள். மிக்கேல்ராஜ் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்புவான், எதற்கும் அந்தோணியார் இருக்கிறார் என்பான். "எங்க வீட்ல விசுவாசம் என் டிப்பார்ட்மெண்டு, விசாரண அவ டிப்பார்ட்மெண்டு" என்று ஃபாதரிடமே சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கு இரவு ஜெபத்தில் மூன்று பேரும் முழங்காலில் நின்றார்கள். மகள் நிமி பிளஸ் டூ முடித்துவிட்டு, பெங்களூரில் நர்சிங் சேர இடம் கிடைத்துக் காத்திருந்தாள். அனுதின உணவை இன்றைக்குத் தரும்படி கேட்கிற வரி வந்ததும் மிக்கேல்ராஜ் நிறுத்தி, "நாளைக்கும் சேத்து ஆண்டவரே, நாளையில இருந்து நான் வீட்லதான் இருப்பேன், மூணு வேளையும் பசிக்கும்" என்றான். நிமிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ரோசிக்கு ஜெபத்தில் மனசு ஒட்டவில்லை. வேலை போன முதல் நாள் ஒரு ஆம்பிளை இப்படியா பேசுவான்? குடித்துவிட்டு விழுந்து கிடந்திருந்தால் புரிந்திருக்கும். மானேஜரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவள் விசாரிக்க ஆரம்பித்தாள். ஆபீஸ் கூட்டுகிற மயிலாத்தாள்தான் முதல் நூலை எடுத்துக் கொடுத்தாள். வேலை போன திங்கட்கிழமை காலையில் மானேஜர் அறைக்குள் மிக்கேல்ராஜ் தனியாகப் போகவில்லை, கூடவே பிஜுவும் போனான். கால் மணி நேரம் கழித்து பிஜு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் வெளியே வந்தான். பின்னால் மிக்கேல்ராஜ். ரோசிக்கு அது போதுமாயிருந்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் நேராகக் கேட்டாள்.

"ஆபீசுல பிஜு உங்களப் பத்தி என்ன சொன்னான்?"

மிக்கேல்ராஜ் டீயைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி வெளியே போயிற்று. "எறும்புக்கும் குளிருமில்ல" என்று துடைத்துவிட்டு, "பிஜு என்ன சொல்லப் போறான்? நல்லதத்தான் சொல்லியிருப்பான். அவன விடு" என்றான்.

"நல்லதச் சொன்னா எதுக்கு வேல போகுது?"

"அதிகமா நல்லது சொல்லிட்டான் போல."

அடுத்த நாள் குழாயடியில் பிஜுவின் மனைவி ஜிஸ்மி குடத்தை வைத்ததும் ரோசி அதைக் காலால் தள்ளிவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் மீன் பொரித்தால் அந்தப் பக்கம் ஒரு துண்டு போகும். நிமிக்கு அம்மை போட்டபோது பதினைந்து நாள் ஜிஸ்மிதான் சமைத்துக் கொடுத்தாள். அதெல்லாம் ரோசிக்கு மறக்கவில்லை. மறக்காததால்தான் அவ்வளவு ஆத்திரம் வந்தது. "கூட இருந்து சாப்பிட்டுட்டு அந்தக் கையாலயே குழி தோண்டுனவங்க தண்ணிக்கு வரிசையில நிக்க வேண்டாம்" என்று லயமே கேட்கும்படி சொன்னாள். ஜிஸ்மி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. உருண்ட குடத்தை எடுத்துக் கழுவி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். தப்பு செய்யாதவள் பேசாமல் இருப்பாளா என்று ரோசி நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே நிமியை உட்காரவைத்து யூனியனுக்கு ஒரு மனு எழுதச் சொன்னாள். தன் வேலைக்காகச் சீனியர் டிரைவரைப் பற்றி மானேஜரிடம் பொய் சொல்லி வேலையைக் கெடுத்தவன் பிஜு என்றும், அவனை விசாரிக்க வேண்டும் என்றும். நிமி பேனாவை வைத்துவிட்டு, "அப்பாட்ட ஒரு வார்த்த கேக்கலாமாம்மா?" என்றாள். "ஒங்கப்பா சிலுவயில அடிச்சாக்கூட ஆணி நல்ல ஆணின்னு சொல்லுவாரு. நீ எழுது" என்றாள் ரோசி. யூனியன் கன்வீனர் பழனிச்சாமி மனுவை இரண்டு தரம் படித்துவிட்டு, அடுத்த வாரம் முடியாது, அதற்கடுத்த திங்கட்கிழமை எல்லோரையும் வைத்து விசாரிக்கலாம், நிஜமென்று தெரிந்தால் பிஜு வண்டியில் ஏற முடியாது என்று சொன்னார்.

இதற்கிடையில் மிக்கேல்ராஜ் வேலை தேடப் போய்க்கொண்டிருந்தான். காலை பஸ்ஸில் வண்டிப்பெரியாற்றுக்குப் போவதாகச் சொல்லுவான். அங்கே யாரோ ஒரு முதலாளியின் குடோனில் டிரைவர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம். சாயந்தரம் இருட்டுவதற்குள் வந்துவிடுவான். வரும்போது கையில் மத்தி இருக்கும், சில நாள் நிமிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும்.

"வேல கெடச்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மத்தி?"

"பேதுரு ராத்திரி பூரா வல போட்டும் கெடைக்கல. விடிஞ்சதும் ஆண்டவர் சொன்ன எடத்துல போட்டாரு, கெடச்சுது. நான் கேள்வி கேக்காம வாங்கிட்டு வந்தேன், நீ கேள்வி கேக்காம கழுவு."

ரோசி கழுவினாள், கேள்வியையும் விடவில்லை. வேலை இல்லாதவன் கையில் மீன் எப்படி வரும்? நடையிலும் ஏதோ மாற்றம். வாசலில் வைத்திருந்த கூடையில் இடித்துக்கொண்டு, "இந்தக் கூடைக்கு என் மேல என்ன கோவமோ" என்றான். பேப்பரை நிமியை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். "ரிட்டயர் ஆன ஆபீசருங்க அப்படித்தான்" என்றான். ரோசி அவன் தூங்கிய பிறகு வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஏலக்காய் வாசம். மறைப்பதற்குத்தானே ஏலக்காய் மெல்லுவார்கள்?

இரண்டாவது வாரம் புதன்கிழமை சட்டையை ஊறவைக்கும்போது பையில் ஒரு பஸ் டிக்கெட் கிடைத்தது. நிமியிடம் நீட்டினாள். நிமி வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ஏலப்பாறன்னு போட்டிருக்கும்மா." வண்டிப்பெரியாறு ஒரு பக்கம், ஏலப்பாறை இன்னொரு பக்கம்.

அன்று சாயந்தரமே அடுத்ததும் நடந்தது. ஜெபம் முடிந்ததும் மிக்கேல்ராஜ் கொல்லைப்பக்கம் போனான். வர நேரமாகிறதே என்று ரோசி எட்டிப் பார்த்தாள். ஜிஸ்மி வீட்டுப் பின்கதவு திறந்தது. மிக்கேல்ராஜ் உள்ளேயிருந்து வந்தான், தலையைச் சற்று அண்ணாந்துகொண்டு, துண்டால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு. கதவுக்குப் பின்னால் ஜிஸ்மியின் நைட்டி தெரிந்தது. பிஜு அந்த நேரத்தில் ஃபாக்டரியில் கடைசி லோடு இறக்கிக்கொண்டிருப்பான் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ரோசி சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். இத்தனை நாளும் புருஷனைத் தள்ளிவிட்டவனை அவள் தேடிக்கொண்டிருந்தாள். தேட வேண்டியது வேறு இடமோ? பிஜு மானேஜரிடம் சொன்னது பொய்யே இல்லையோ? தன் மனைவியைப் பற்றிச் சொல்ல முடியாமல்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தானோ? குழாயடியில் ஜிஸ்மி பேசாமல் நின்றது அதனால்தானோ? ஒவ்வொன்றும் இன்னொன்றோடு பொருந்திக்கொண்டே போனது. அப்படிப் பொருந்துவதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஃபாக்டரியில் மெஷின் கழற்றுகிற வேலை. கொழுந்து எடுப்பு இல்லை, எல்லோருக்கும் லீவு. மிக்கேல்ராஜ் வழக்கம்போல் குடையும் பையுமாகக் கிளம்பினான். ரோசி தூரத்தில் பின்னால் நடந்தாள். ஸ்டாப்பில் பிஜு நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பஸ் வந்ததும் பிஜு அவன் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, பின்னாலேயே தானும் ஏறினான். ரோசிக்கு இப்போது ஒன்றும் பொருந்தவில்லை. மனைவி விஷயம் தெரிந்தவன் இப்படிக் கையைப் பிடிப்பானா? பின்னால் வந்த ஜீப்பில் எட்டுப் பேருக்கு நடுவே இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். வழி முழுக்க மாதாவை வேண்டினாள். எதற்கென்று அவளுக்கே தெளிவில்லை. உண்மை தெரிய வேண்டும் என்று ஒரு வளைவில் வேண்டினாள், தெரியக் கூடாது என்று அடுத்த வளைவில்.

ஏலப்பாறை ஸ்டாப்பில் இறங்கியதும் தேட வேண்டியிருக்கவில்லை. நிழற்குடையின் சிமெண்டு பெஞ்சில் மிக்கேல்ராஜ் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு அட்டை, அட்டை முழுக்க கிளிப் போட்ட லாட்டரிச் சீட்டுகள். ஒரு ஆள் சீட்டு ஒன்றை இழுத்துக்கொண்டு ரூபாய் நோட்டை நீட்டினான். மிக்கேல்ராஜ் அதைப் பார்க்கவில்லை. நடுவிரலின் மேல் நீளவாக்கில் வைத்து, நுனி எங்கே முடிகிறது என்று கட்டைவிரலால் தடவி, எத்தனை ரூபாய் நோட்டென்று அளந்துவிட்டு, மீதியைக் கொடுத்தான். "விழுந்துச்சுன்னா என்னய மறந்திராதீங்க. விழலன்னா என்னய மறந்திருங்க" என்றான். அந்த ஆள் சிரித்துக்கொண்டே போனான்.

ரோசி கிட்டே போனாள். அவனுடைய இடது பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்றாள். அவன் திரும்பவில்லை. அவள் இன்னும் ஒரு அடி வைத்தாள். கையை அவன் இடது கண்ணோரம் கொண்டுபோய் மெல்ல அசைத்தாள். இமைகூட ஆடவில்லை. சந்தேகப்பட்டதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவளை விட்டுப் போயிற்று. அது போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

டீக்கடையிலிருந்து இரண்டு தம்ளர் ஏலக்காய் டீயோடு வந்த பிஜு அவளைப் பார்த்து நின்றுவிட்டான். வாங்க என்று தலையசைத்து, கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"எடது கண்ணு முழுசாப் போயிருச்சு மதினி. வலது கண்ணு குழாய்க்குள்ள பாக்குற மாதிரி நேரா மட்டும் தெரியுது. கண்ணுல பிரஷராம். தேனி டாக்டர்ட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். போனது திரும்பாது, இருக்கிறதச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாம்னாரு."

"எப்பத்துல இருந்து?"

"எனக்குத் தெரிஞ்சது ஒரு மாசம் முந்தி. சாயந்தரம் ஒங்களயெல்லாம் டிரெய்லர்ல ஏத்திட்டு வந்தோம்ல, பாலத்துக்கிட்ட வண்டிய வெடுக்குன்னு ஒடிச்சதுல நீங்க எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தீங்களே? எடது பக்கம் ஜீப்பு வந்தது அண்ணனுக்குத் தெரியவே இல்ல. நான்தான் ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்தேன். இருபத்திரண்டு பொம்பளைங்க மதினி. நீங்களும் இருந்தீங்க."

ரோசிக்கு ஞாபகம் இருந்தது. விழுந்து எழுந்து எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் முன்னால் எட்டி, ஒழுங்கா ஒக்காருடா பிஜு, அவர ஓட்ட விடு என்று கத்தினாள்.

"நீங்க போய் ஆபீசுல சொல்லுங்க, இல்லன்னா நான் சொல்லுவேன்னு அண்ணங்கிட்ட நான்தான் சொன்னேன். ரெண்டு பேருமாத்தான் போனோம். வேற எதாவது சின்ன வேல குடுங்கன்னு கேட்டோம். அந்த ஆளு தலைய நிமித்தாம, நாளைல இருந்து வர வேண்டாம்னுட்டான்." பிஜு தம்ளர்களைக் கீழே வைத்தான். "ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பைபிள்ல கைய வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா நிமி பெங்களூர் போக மாட்டேன்னு ஒக்காந்துருவா, அவ போய்ச் சேர்ற வரைக்கும்னு. மருந்து குளிர்ல வைக்கணும். எங்க வீட்லதான் ஃபிரிட்ஜ் இருக்கு. ஜிஸ்மிதான் கண்ணுல ஊத்தி விடுவா."

குழாயடியில் உருண்ட குடம் ரோசியின் கண் முன்னால் வந்தது. காலையில் அந்தக் குடத்தை உதைத்துத் தள்ளிய அன்றும், சாயந்தரம் ஜிஸ்மி மருந்து விட்டிருப்பாள்.

"திங்கக்கெழம யூனியன்ல கூப்ட்டிருக்காங்க" என்றான் பிஜு. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நான் அங்க என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க மதினி. உண்மையச் சொன்னா சத்தியம் போகுது. சொல்லலன்னா வேல போகுது."

ரோசி ஃபோனை எடுத்தாள். பழனிச்சாமி உடனே எடுத்தார். "அந்த மனு வேண்டாங்க, கிழிச்சுப் போட்டுருங்க" என்றாள். ஏன், சமாதானமாகிவிட்டீர்களா என்று அவர் கேட்டார். "ஆளு மாறிப் போச்சு" என்றாள். யார் அந்த ஆள் என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். பழனிச்சாமியிடம் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. ஜிஸ்மி வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் கஷ்டம். என்ன சொல்லி ஆரம்பிப்பாள்? இத்தனை வருஷத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"அவர்ட்ட நான் வந்தத சொல்லாத" என்றாள் பிஜுவிடம். "நிமி போற வரைக்கும் அவரு நெனச்ச மாதிரியே இருக்கட்டும்."

பிஜு தலையாட்டிவிட்டு, ஆறிப்போன டீயை மாற்றி வாங்கக் கடைக்குள் போனான்.

வீட்டுக்குப் போகிற ஜீப் எதிரே நின்றது. ரோசி அதை நோக்கித்தான் நடந்தாள். பாதியில் திரும்பி வந்து, பெஞ்சில் அவனுக்கு இடது பக்கமாக, ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். பெஞ்சு லேசாக ஆடியது. மிக்கேல்ராஜ் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடம் விட்டான்.

"சேச்சி பஸ்ஸுக்கா?" என்று பாதி மலையாளத்தில் கேட்டான். முகம் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தது. "இங்க பஸ்ஸு கர்த்தரோட வருகை மாதிரி. வரும்கிறது நிச்சயம். எப்பங்கிறது யாருக்கும் தெரியாது."

யாராவது பதில் சொல்வார்கள் என்று அவன் காத்திருந்தான். ரோசி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பாக இருந்தாலும் அழுகையாக இருந்தாலும் சத்தம் வெளியே வந்தால் கண்டுபிடித்துவிடுவான்.

மலையிலிருந்து மூடுபனி இறங்கியது, அதற்குப் பின்னாலேயே சாரல். நிழற்குடையின் தகரக் கூரை முழுக்க ஓட்டை, இடது பக்கம் உடைந்தே போயிருந்ததால் ரோசியின் மேல் நேராக விழுந்தது. மிக்கேல்ராஜ் சீட்டு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடிக்குள் வைத்துக்கொண்டான். குடையை எடுத்து விரித்தான். தனக்கு மேல் பிடிப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கை இடது பக்கம் நீண்டு, குடை அவள் தலைக்கு மேல் வந்து நின்றது.

ரோசி அவனை உற்றுப் பார்த்தாள். யாரென்று தெரியாத ஒரு பொம்பிளைக்கு இப்படிக் குடை பிடிக்கிறானா? தினமும் பிடிக்கிறானா? இல்லை, அவள் மேலிருக்கிற கொழுந்து வாசம் காட்டிக் கொடுத்துவிட்டதா? உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டின் வளைவையே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஒரு ஜெபத்தையோ பாட்டையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது தோள் முழுக்க நனைந்து, சட்டை ஒட்டி, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காற்று மாறிச் சாரல் சாய்வாக அடித்தது. குடை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்தது.